வெள்ளைச் சீட்டு எங்கீங்க? – ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஊர்ச் சோலிகளைப் பேசி முடிக்கும் பெரியவங்க எல்லோருக்கும் வணக்கமுங்க.

உங்களில் பாதிப் பேர் எனக்கு மாமனார் முறை, மீதிப் பேர் அண்ணன் முறை. நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டபத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. நோம்பிக்கு வரி எவ்வளவு என்று கேட்பதற்கே தூணுக்கு அக்கட்டால நின்றுதான் கேட்கிறோம். அதனால் எழுதுகிறேன். பதினோரு வருசமாகப் பால் சொசைட்டியில் கணக்கு எழுதும் கைதான், இதையும் எழுதிவிடும். ஊர்ப் பெயரைப் போடவில்லை. ஈரோட்டுக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரையும் சந்தியில் நிறுத்த எனக்கு ஆசை இல்லை. அப்படி நிறுத்துவதானால் முதல் ஆளாக நானே நிற்க வேண்டும். ஏன் என்று கீழே தெரியும்.

2019 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். 9ஆம் தேதி வேட்பு மனு வாங்க ஆரம்பித்தார்கள், 16ஆம் தேதி கடைசி நாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் பொழுதோட மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை, அதை விட்டுவிட்டீர்கள். ஒன்பது வார்டில் ஐந்தை அன்று ராத்திரியே முடித்துவிட்டீர்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. 2016ல் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கியதால் வந்த ஒதுக்கீடு. என் வீட்டுக்காரரைக் கேட்டீர்கள், அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, "ஆதார் கார்டை எடுத்து வெச்சுக்க, நாளைக்கு மெம்பருக்கு மனுப் போடோணும்" என்றார். நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். எதற்கு, ஏன் என்று கூடக் கேட்கவில்லை. அரசியலில் நான் காலெடுத்து வைத்தது அப்படித்தான்.

ஆனால் எங்கள் வார்டில் இன்னொரு மனுவும் விழுந்தது. கீழ் வளவைச் சேர்ந்த அக்கா ஒருத்தர் போட்டது. அக்கா என்று எழுதுகிறேன். அதுவரைக்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைவிட ஏழு வயது மூத்தவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 100. அந்த 100 ரூபாயைக் கட்டி ரசீது வாங்கி வந்திருந்தார். 19ஆம் தேதி மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். 18ஆம் தேதி ராத்திரி இரண்டு பைக் கீழ் வளவுக்குப் போனது. "தை பொறந்தா மஞ்ச வெட்டு, வேகவெக்கற சோலி வருது, யாரு காட்டுக்குப் போவே?" என்று கேட்டார்களாம். வேறு மிரட்டல் எதுவும் இல்லை, சத்தம் கூட இல்லை. மறுநாள் காலை அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போய் மனுவை வாபஸ் வாங்க வைத்துக் கூட்டிவந்தார்கள். முன் சீட்டில் என் வீட்டுக்காரர்.

பொழுதோட என் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. "ஊரே ஒருமனதாத் தேர்ந்தெடுத்திருக்குது அம்மணி" என்று உங்களில் ஒருவர் எனக்குச் சால்வை போட்டார். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஓட்டு நாள் வந்தது. ஊராட்சித் தேர்தலில் ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எங்கள் வார்டுக்கு மூன்று சீட்டுதான் கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பாரு ஒருவர். மூன்று சீட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு மேசைக்கே திரும்ப வந்தார். "வெள்ளைச் சீட்டு எங்கீங்க?" என்றார். "உங்க வார்டுக்குப் போட்டியில்லீங்க பெரியவரே, மெம்பர் ஏற்கெனவே ஜெயிச்சிட்டாங்க" என்றார் அந்த அலுவலர். அப்பாரு கொஞ்ச நேரம் நின்றார். "நான் போடாம எப்பிடீங்க ஜெயிச்சாங்க?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், நான்தான் அந்த மெம்பர் என்று அவருக்குத் தெரியும். நான் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு கீழே பார்த்தேன்.

2020 ஜனவரி 6ஆம் தேதி உறுதிமொழி எடுத்தோம். 11ஆம் தேதி துணைத் தலைவர் தேர்தல். மக்கள் நேரடியாகப் போடும் ஓட்டு இல்லை அது, ஊராட்சி மன்றமே வார்டு உறுப்பினர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னப் பதவி என்று வெளியே தோன்றும். ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் விழுந்தால்தான் பணம் நகரும் என்பது உள்ளே போனவர்களுக்குத் தெரியும். மன்றம் கூடி யோசித்துப் போட வேண்டிய ஓட்டு. அதையும் முந்தின நாளே மண்டபத்தில் முடித்திருந்தீர்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் காப்பி குடிக்கும்போது சொன்னார்.

அப்புறம் முதல் இரண்டு வருசம் நான் மெம்பராக இருந்தேன் என்று சொல்வதே பொய். கூட்டத்துக்கு அவர் போனார், தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். ஊரில் "மெம்பர்" என்றால் அவரைத்தான் சொன்னார்கள். நான் "மெம்பர் ஊட்டுக்காரம்மா". ஒருநாள் பொழுது போகாமல் தீர்மானப் புத்தகத்தைப் படித்தேன். சொசைட்டிக் கணக்கு எழுதுகிறவளுக்கு வரிசை எண்ணும் தொகையும் பார்த்தால் கண் தானாக நிற்கும். ஒரே தெருவுக்கு மின்மோட்டார் பழுது என்று ஐந்து மாதத்தில் மூன்று முறை எழுதியிருந்தது. உண்மையாகவே பழுதானதோ என்னவோ, நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு நானே போனேன். கேட்டேன். தலைவர் பதில் சொல்லுமுன் இன்னொரு உறுப்பினர், "அண்ணனை வரச் சொல்லுங்க, அவர்கிட்டப் பேசிக்கறோம்" என்றார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது தண்ணீர் விஷயத்தில் வந்தது. நம் ஊரில் போர் தண்ணி சப்பை, குடிக்க ஆகாது. ஆத்துத் தண்ணிதான் குடிநீர். மேல் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருதரம் வந்தது, கீழ் வளவுக்கு எட்டு நாளைக்கு ஒருதரம், அதுவும் கடைசி ஏழு வீட்டுக்குப் போய்ச் சேராது. குழாய் பழசு, கேட் வால்வு துருப்பிடித்துப் பாதிதான் திறக்கும். புதுக் குழாய் போட வேண்டும் என்று உங்களில் ஒருவரிடம், மண்டபத்துத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "உன்னைய யாரு அம்மணி ஓட்டுப் போட்டு அனுப்புனா? நாங்க வெச்ச ஆளு நீ."

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஏனென்றால் அவர் சொன்னது சத்தியம். எனக்குப் பின்னால் ஒரு ஓட்டு கிடையாது. முந்நூறு ஓட்டுள்ள வார்டில் நூற்றைம்பத்தொன்று வாங்கி ஜெயித்திருந்தால், அவரைப் பார்த்து, "அந்த நூத்தம்பத்தொரு பேர்த்துக்கு நான் பதில் சொல்லோணும் மாமா" என்று சொல்லியிருப்பேன். மீதி நூற்று நாற்பத்தொன்பது பேர் எனக்கு எதிராகப் போட்டிருந்தாலும் அதுவும் ஒரு பலம்தான். அடுத்த முறை தோற்றுவிடுவேனே என்ற பயம் என்னைக் கூட்டத்துக்கு ஓட வைத்திருக்கும். நீங்கள் எனக்கு இலவசமாகக் கொடுத்த பதவியில் இந்த இரண்டும் இல்லை.

உங்கள் பக்கத்து நாயத்தையும் சொல்கிறேன். ஓட்டு வைத்தால் ஊர் ரெண்டுபடும் என்கிறீர்கள். அது வெறும் சாக்கு இல்லை, நானும் பார்த்திருக்கிறேன். 2011 தேர்தலில் மேல் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எதிர்எதிராக நின்றார்கள். மூன்று வருசம் ஒரு வீட்டுக் கண்ணாலத்துக்கு இன்னொரு வீடு போகவில்லை. இட்டேரியில் எதிரே வந்தால் சைக்கிளை நிறுத்தி வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். அது யாருக்கும் நல்லதில்லை. செலவு மிச்சம் என்கிறீர்கள், அதுவும் ஓரளவு சரி. பதவிக்கு வருகிறவர்கள் கோயிலுக்கு ஒரு தொகை எழுதுவதால் கோபுரத்துக்கு வர்ணம் அடித்தோம் என்கிறீர்கள். இங்கேதான் எனக்கு இடறுகிறது. பதவிக்கு விலை பேசுவதை ஏலம் என்றுதான் சட்டமும் சொல்லும், ஊரும் சொல்லும். கோயிலுக்கு எழுதினால் மட்டும் அது காணிக்கை ஆகிவிடாது. அந்தத் தொகை கொடுக்க முடிந்த வீட்டுக்கு மட்டும்தான் பதவி என்றும் ஆகிறது.

உங்களில் படித்த ஒருவர், குஜராத்தில் போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கிற கிராமத்துக்கு அரசாங்கமே பரிசுப் பணம் கொடுக்கிறது என்று செய்தித்தாளைக் காட்டினார். உண்மைதான், சம்ரஸ் என்று அதற்குப் பெயர். பரிசு கொடுப்பதால் அது நம் ஊருக்கும் நல்லதாகிவிடுமா என்று நான் கேட்க, அவர் அடுத்து உத்திரமேரூர்ச் சோழர் காலக் கல்வெட்டுக்குத் தாவிவிட்டார். ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே தமிழன் குடவோலையில் ஆள் எடுத்தான், எல்லாம் ஊர்கூடிப் பேசி முடித்ததுதான் என்றார். அந்தக் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கால் வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அந்தக் குடத்தில் என் பெயர் எழுதிய ஓலை விழாது. உங்கள் பெயரும் விழாது மாமா, அதை யோசித்தீர்களா?

அதைவிட அருகில் நம் மொடக்குறிச்சி இருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியில் 1033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கை காதில் விழவில்லை என்று சொல்லிக் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டது. ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க டெபாசிட் தொகையை ஏற்றினார்கள். அந்த 1033 பேரில் நம் ஊர்க்காரர்களும் உண்டு, இன்றைக்கு மண்டபத்தில் உட்காரும் இருவர் உட்பட. "அன்னைக்கு நாங்க பண்ணுனதுல டெல்லியே ஆடிப்போச்சு" என்று நீங்கள் எத்தனை தரம் பெருமையாகப் பழமை பேசியிருக்கிறீர்கள். ஆயிரம் பேர் நிற்பது உரிமை என்று சொன்ன அதே வாய், ஒரு கீழ் வளவுப் பெண் நின்றால் ஊர் ரெண்டுபடும் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

மண்டபத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருமனதாக முடித்தோம் என்கிறீர்களே, அந்த மண்டபத்தில் கீழ் வளவுக்காரர்கள் எங்கே உட்காருகிறார்கள்? படிக்கட்டுக்குக் கீழே. அதுவும் கூப்பிட்டால்தான் வருவார்கள். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் நம் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாக்குச் சாவடி பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரே வரிசை, ஒரே மை. தேர்தலைப் பள்ளிக்கூடத்திலிருந்து மண்டபத்துக்கு மாற்றினால் யாருடைய ஓட்டு காணாமல் போகிறது என்று கணக்குப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பால் கணக்குப் போதும்.

இனி நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த வெற்றிலைப் பேச்சுக்குப் பிறகு நான் மண்டபத்துப் பக்கம் போகவில்லை, கிராமசபைக்குப் போனேன். 2022 அக்டோபர் 2. நம் ஊர் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள், அதனால் நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வழக்கமாக அந்த நூறை எப்படி நிரப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொல்லி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் போகவில்லை. நானும் அந்த அக்காவும் முந்தின வாரமே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தோம். கீழ் வளவிலிருந்து மட்டும் நாற்பதுக்கு மேல் வந்தார்கள். ஒருத்தர் கையில் காலிக் குடம். குழாய்க்குத் தீர்மானம் எழுதும்வரை எழுந்திருக்கவில்லை. தீர்மானத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார்கள். செயலர் படித்தார், "கேட் வால்வு" விட்டுப்போயிருந்தது, திரும்ப எழுத வைத்தார்கள். எட்டு மாதம் கழித்துக் குழாய் வந்தது. கடைசி ஏழு வீட்டுக்கும் இன்றைக்குத் தண்ணீர் ஏறுகிறது.

அதைச் செய்தது நான் என்று நீங்கள் சிலர் பெருமையாகச் சொன்னீர்கள். நான் பேனா கொண்டுபோனேன். தலைகளை எண்ணித்தான் அந்தத் தீர்மானம் விழுந்தது.

ஒரு ஊராட்சியால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறையைப் போய்ப் பார்க்கலாம். அங்கே 1996 முதல் பத்து வருசம் தலைவராக இருந்தவர் சண்முகம். 2006ல் ஊராட்சிச் சேமிப்பும் வங்கிக் கடனுமாக 1.55 கோடி ரூபாய் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, மின்சார வாரியத்துக்கே மின்சாரம் விற்ற ஊராட்சி அது. காரமடைப் பக்கம் தேக்கம்பட்டியில் நூறு வயது தாண்டியும் காட்டில் இறங்கி வேலை செய்த பாப்பம்மாளைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கும்பிட்டோம். 2021ல் பத்மஸ்ரீ வாங்கியவர். 2024ல் அவர் தவறியபோது நம் ஊரிலும் பேசினோம். அவர் ஒரு காலத்தில் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர் என்பதை மட்டும் யாரும் பேசக் காணோம்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது, ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனது. "மெம்பர், தலைவர் தொந்தரவே இல்லாம ஆப்பீசரே நல்லாப் பாத்துக்கறாரு" என்று மண்டபத்தில் பேச்சு. அந்த வட்டார வளர்ச்சி அலுவலர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவர்தான். மார்கழி மழையில் கீழ் வளவுத் தெருவிளக்கு அணைந்தபோது, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் பழக்க தோஷத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இப்போது யாருமில்லை என்று சொல்லி அனுப்ப வெட்கமாக இருந்தது. இது முதல் தரமும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2020 ஜனவரி வரை மூன்று வருசத்துக்கு மேல் இதே தனி அலுவலர் ஆட்சிதான். அந்தக் காலத்தில் மத்திய நிதிக் குழுப் பணம் நின்று போனது. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத ஊராட்சிக்கு அந்தப் பணம் வராது. தேர்தல் எப்போது என்று கேட்டு ஒரு தபால் அட்டையாவது மண்டபத்திலிருந்து போனதா? அத்திக்கடவு – அவினாசித் தண்ணிக்கு நம் பக்கத்து ஊர்க்காரர்கள் அறுபது வருசம் மனு மனுவாக எழுதி, உண்ணாவிரதம் இருந்து, ஓட்டே போட மாட்டோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்டில்தான் திட்டம் திறந்தார்கள். கேட்டுக்கொண்டே இருக்கத் தெரிந்த சீமைதான் இது.

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை, நீங்களே சொல்லிவிடுங்கள். சட்டமன்றத் தேர்தல் என்றால் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். உள்ளாட்சி என்றால், "மெம்பர் எலெக்சனுக்கெல்லாமா லீவு போடறது" என்கிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் வீடு கட்டிப் போனவர்கள் அங்கேயும் போடுவதில்லை. 2022 பிப்ரவரியில் நகரங்களுக்கு நடந்த தேர்தலில் தமிழ்நாடு முழுக்கப் பேரூராட்சிகளில் 74.68 சதவீதம், நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22. ஊர் பெருக்கப் பெருக்க ஓட்டு சுருங்குகிறது. சாக்கடை அடைத்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே நாற்றம்தான். எம்.எல்.ஏ. தொகுதியில் இரண்டு லட்சம் ஓட்டில் ஒன்று அவர்களுடையது, நம் வார்டில் முந்நூற்றில் ஒன்று. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அப்படி ஒரு ஓட்டுக்கு ஏங்கி நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், பஸ் டிக்கெட் எவ்வளவு என்று சொல்வார்கள்.

சரிங்க, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் மண்டபத்தில் கூட்டம் போடாதீர்கள். போட்டே தீர வேண்டும் என்றால் பள்ளிக்கூட மைதானத்தில் போடுங்கள், எல்லா வளவுக்கும் தண்டோரா போட்டு, எல்லோரும் ஒரே சமுக்காளத்தில் உட்காருகிற மாதிரி. நிற்கிறவர்களை அங்கே நிறுத்தி, தண்ணிக்கு என்ன செய்வாய், குப்பைக்கு என்ன செய்வாய், தீர்மானப் புத்தகத்தைக் காட்டுவாயா என்று கேளுங்கள். உங்களுக்கு அதில் இருக்கும் சாமர்த்தியம் எனக்குத் தெரியும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுகூட வாங்காதவர்கள் நீங்கள். அண்ணன் தம்பி சண்டை வந்தால் தீர்த்து வையுங்கள், அதுதான் உங்களுக்குத் தெரிந்த சோலி. ஓட்டு எண்ணி முடிந்தபின், தோற்றவர் வீட்டுக்கு ஜெயித்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்குப் பெரியவர்கள் வேண்டும். மனு வாபஸ் வாங்கும் நாளில் மட்டும் உங்கள் கார் சாவியை வீட்டு ஆணியிலேயே மாட்டி வையுங்கள்.

நான் நிற்கப் போகிறேன். வார்டு யாருக்கு ஒதுக்கினாலும் சரி, எனக்குத் தகுதி இருக்கும் வார்டாக இருந்தால் மனுப் போடுவேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள், "செலவுக்கு எவ்வளவு வெச்சிருக்கற?" என்று கேட்டார். அந்த அக்காவும் நிற்பதாகச் சொல்கிறார். நின்றால் நாங்கள் இருவரும் எதிரெதிர்தான். யார் ஜெயித்தாலும் கிராமசபைக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்டோக் காசு தோற்றவர் தர வேண்டும் என்று அவர் சொன்னார், ஜெயித்தவர் தர வேண்டும் என்று நான் சொன்னேன், இன்னும் முடிவாகவில்லை.

வெள்ளைச் சீட்டுக் கேட்ட அப்பாரு போன ஆடியில் தவறிவிட்டார். வாபஸ் வாங்கினால் டெபாசிட்டைத் திருப்பித் தருவார்கள், ஆனால் அந்த அக்கா தன் 100 ரூபாயைக் கேட்டுப் போகவே இல்லை. ரசீதை ரேசன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார், போன வாரம் எடுத்துக் காட்டினார். மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, தேதி தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊராட்சியின் முன்னாள் வார்டு உறுப்பினர்
(போட்டியின்றித் தேர்வு)